ஜன்னலில்லாத அறை

எங்கள் வாடகை வீட்டில் ஜன்னல் இல்லாத அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் சாமி இருந்தார்.

நாங்கள் குடியேறிய நகரின் மேற்குப் புறநகரான ரானுயியில், ரயில் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி நின்ற பலகை வீடு அது. தகரக் கூரை, மூன்று படுக்கையறைகள், நடுவே ஒரு நீண்ட நடை. நடையும் சமையலறையும் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்னச் சாமான் அறை. முன்னர் குடியிருந்தவர்கள் அதில் வாக்யூம் கிளீனரையும் பழைய கம்பளிகளையும் அடைத்து வைத்திருந்தார்களாம். நால்வர் நெருக்கி உட்காரலாம். ஒருவர் கால் நீட்டிப் படுக்க முடியாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தம் சொன்னதால் அம்மா படங்களைத் தட்டுகளில் சாய்த்து வைத்தார். கற்பூரம் கொளுத்தினால் நடையிலுள்ள புகை அலாரம் அலறும். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் மட்டும், நான் கதவருகே துவாயை விசிறிக்கொண்டு நிற்க, அவர் அவசரமாக ஒரு தீபம் காட்டுவார். இந்த நகரத்தில் நான் போய்வந்த தமிழ் வீடுகள் பலவற்றிலும் சாமி இப்படித்தான் அலுமாரிக்குள்ளோ சாமான் அறைக்குள்ளோ இருக்கிறார். வெளிச்சமான அறைகள் மனிதருக்கே போதாத வாடகை இது.

அப்போது வீட்டில் நாங்கள் நான்கு பேர்: அம்மா, அண்ணா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஓராண்டு ஆகியிருந்த அண்ணி, நான். சமூகக் கொள்கை படித்துப் பட்டம் பெற்ற நான், அந்தப் படிப்பை யாருக்காவது பயன்படுத்திவிட வேண்டும் என்ற தவிப்போடு இருந்தேன். வெள்ளம் வந்த ஆண்டில் மண்டபங்களில் தங்கியிருந்த குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கப் போனேன். எச்சரிக்கை வந்தும் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர்களை அங்கே கண்டேன். அதன்பின், டொர்னாடோ என்று இங்கே சொல்லும் சுழல்காற்று நகரின் இன்னொரு பக்கத்தில் சில வீடுகளின் கூரையைப் பிய்த்தெறிந்த செய்தியைப் படித்தபோது, எங்கள் வீட்டுக்கே ஒரு திட்டம் இல்லையே என்று உறைத்தது.

புயலைப் பற்றி எங்களுக்குத் தெரியும். அது நாட்கணக்கில் தன் வருகையைச் சொல்லிக்கொண்டு வரும். வெள்ளமும் ஓரளவு அவகாசம் கொடுக்கும். இந்தக் காற்று அப்படியல்ல. இங்கே அதற்கென்று சங்கு ஊதுவதில்லை. இடிமழை வரலாம் என்று கைப்பேசியில் ஒரு பொதுவான அறிவிப்பு வரும். அதன்பின் கிடைப்பது ஒரு நிமிடம், சிலவேளை அதுவும் இல்லை. ஆகவே திட்டம் தாளில் இருந்தால் போதாது, கால்களில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஜன்னல்களை விட்டு விலகி, வீட்டின் நடுவிலுள்ள மிகச் சிறிய அறைக்குள் போக வேண்டும். கதவைச் சாத்தித் தரையில் குந்தி, இரு கைகளாலும் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ள வேண்டும். முழங்கால் நோவுள்ள அம்மாவை, யார் அருகில் இருக்கிறார்களோ அவர் இழுத்து வர வேண்டும். இவ்வளவையும் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன். தண்ணீர்ப் போத்தல்களையும் டார்ச்சையும் மின்கல வானொலியையும் சாமித் தட்டுக்குக் கீழே அடுக்கினேன்.

"காத்துக்கு ஒளிக்கிறதுக்குக் கம்பஸிலை படிச்சவள் இவள் ஒருத்திதான்," என்றார் அம்மா.

"வீட்டுக்குள்ளை ஒரு அரசாங்கமே நடத்துறாள்," என்றான் அண்ணா. அவன் த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் ஒரு கடையில் வேலை செய்தான். சனி, ஞாயிறும் வேலை. "எனக்கு என்ன பதவி தருவாய்? மந்திரிப் பதவி எண்டால் லீவு எடுத்துப்போட்டு நிக்கிறன்."

அண்ணி மட்டும் தாளை முழுவதும் படித்தார். "சாமி அறைக்குள்ளையோ, மச்சாள்?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணி. அதுக்குத்தான் ஜன்னல் இல்லை."

அவர் தலையசைத்தார்.

குப்பைத் தொட்டிகளைக் கயிற்றால் வேலியோடு கட்டினேன். எங்கள் தெருவில் பிள்ளைகள் உள்ள வீடு ஒவ்வொன்றின் முற்றத்திலும், ஏறிக் குதித்து விளையாடும் வலைமேடையான ட்ராம்பொலின் ஒன்று நின்றது. பெருங்காற்றில் முதலில் பறப்பது அதுதான் என்பதால் வீடு வீடாகப் போய், முளை அடித்துக் கட்டி வையுங்கள் என்று சொன்னேன். பக்கத்து வீட்டு ஃபிஜிக்காரர் கூரை வேலை செய்பவர். நான் சொல்லி முடிக்கும் முன்பே சுத்தியலை எடுத்துவிட்டார். மற்றவர்கள் சிரித்த முகத்தோடு ஆமோதித்தார்கள். சிரித்த முகத்துக்கு என்ன பொருள் என்று இந்த நாட்டில் நான் இன்னும் சரியாகக் கற்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லோரும் வீட்டில் இருந்த நேரம் பார்த்து, ஒத்திகை செய்வோம் என்றேன். அண்ணி கை கழுவிக்கொண்டே, "இண்டைக்கு வேண்டாம், மச்சாள். வெள்ளிக்கிழமை செய்வமே?" என்றார்.

"காத்து வெள்ளிக்கிழமை பாத்து வருமோ, அண்ணி?"

"அதில்லை..." என்றவர், அம்மா சமையலறையில் நிற்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். அக்கறை இல்லை என்று நான் மனதுக்குள் குறித்தேன். வெள்ளிக்கிழமை ஒத்திகை நன்றாக நடந்தது. அண்ணி தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு, எல்லோருக்கும் முன்னால் போய் உள்ளே குந்திக்கொண்டார். நான் கடைசியாக நுழைந்து கதவைச் சாத்தினேன். விளக்குத் தட்டில் என் முதுகு சாய்ந்திருந்தது. அண்ணா இருட்டில் மந்திரியாகப் பதவிப் பிரமாணம் எடுத்தான். அம்மாகூடச் சிரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வீட்டுக்கு விலக்கான நாள்.

இதை எழுதத் தயங்கினேன். ஆனால் எழுதாவிட்டால் மற்றவை எதற்கும் பொருளில்லை. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் சாமி அறைக்குள் போவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதில் எனக்கு நம்பிக்கை போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் அதை அம்மாவிடம் சொல்லவோ வாதாடவோ நான் துணியவில்லை. அந்த நாட்களை மறைத்துவிட்டு, வழக்கம்போல் விளக்கேற்றினேன். அது யாரையும் நோகடிக்காத வழி என்று நினைத்தேன். எனக்கு அந்த வாசல் எப்போதும் திறந்தே இருந்ததால், அது இன்னொருத்திக்கு மாதத்தில் சில நாட்கள் மூடியிருக்கும் என்பது திட்டம் எழுதிய கையில் ஏறவே இல்லை.

சுமார் நான்கு வாரங்களின் பின், ஒரு சனிக்கிழமை காலை. விடியும்போதே கைப்பேசியில் இடிமழை அறிவிப்பு வந்திருந்தது. அண்ணா வேலைக்குப் போய்விட்டான். மேற்கே மலைத்தொடரின் மேல் வானம் காயம்பட்ட தோலைப் போலக் கன்றிக் கிடந்தது. பத்து மணியளவில் ஆலங்கட்டி தகரத்தைப் போட்டு அடித்தது, பேச்சுக் கேட்கவில்லை. பிறகு அது சட்டென்று நின்றது. அந்த அமைதியில், அண்ணி சமையலறைத் தொட்டியடியில் முட்டைக்கோவா கழுவிக்கொண்டிருந்த தண்ணீரின் சத்தம்கூடக் கேட்டது.

தூரத்தில் ஓர் இரைச்சல் தொடங்கியது.

"ட்ரெயின் போகுது," என்றார் அண்ணி.

அந்த வார இறுதியில் தண்டவாள வேலை. ரயில் இல்லை, பஸ்தான் ஓடியது. அது எனக்குத் தெரியும்.

"உள்ளுக்கு!" என்று கத்தினேன். "எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ!"

சாய்நாற்காலியில் இருந்த அம்மாவைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, நடையில் இழுத்துக்கொண்டு ஓடினேன். சாமி அறைக்குள் அவரைத் தள்ளி, நானும் விழுந்தேன். திரும்பிப் பார்த்தபோது அண்ணி வாசலுக்கு வந்திருந்தார். சமையலறையிலிருந்து நாலே எட்டுத் தூரம்; எங்களுக்கு முன்பே உள்ளே போயிருக்கலாம். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. ஈரக்கை. கால்கள் இரண்டும் வெளியே.

"வாங்கோ அண்ணி!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எவ்வளவு நேரம் நீடித்தது என்று என்னால் சொல்ல முடியாது. அம்மா ஏதாவது சொன்னாரா என்றும் எனக்குத் தெரியாது. வீடு முழுவதும் அப்போது ஒரே இரைச்சலாகிவிட்டது. என் குரலே எனக்குக் கேட்கவில்லை. நான் கை நீட்டினேன். அண்ணி பின்னால் ஓரடி வைத்து, நடையிலேயே சுவரோடு குந்தி, முழங்காலில் முகம் புதைத்து, இரண்டு கைகளாலும் தலையையும் கழுத்தையும் மூடிக்கொண்டார். குளிர்பெட்டித் தாளில் இருந்த ஒவ்வொரு வரியையும் அவர் பின்பற்றினார், அறையைத் தவிர.

நடையின் முனையில் முன்கதவு. அதன் இரு பக்கமும் ஆளுயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள்ளால் யாருடையதோ ஒரு ட்ராம்பொலினின் இரும்புச் சட்டம் வந்தது. காற்று சாமி அறைக் கதவை என் கையிலிருந்து பிடுங்கி அறைந்து சாத்தியது. இருட்டு. தலைக்கு மேல் ஆணிகள் கழன்று தகரம் உரியும் ஒலி. அம்மாவின் நகங்கள் என் கையில் பதிந்திருந்தன. அவர் முணுமுணுத்தது தேவாரமா, அண்ணியின் பெயரா என்று பிரித்தறிய முடியவில்லை.

பிறகு முடிந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கதவைத் திறந்தபோது நடையில் மழை பெய்துகொண்டிருந்தது. கூரையின் அந்தப் பக்கம் இல்லை. அண்ணி அதே இடத்தில், அதே நிலையில் இருந்தார். ஆனால் இடது கைக்கும் முகத்துக்கும் இடையே இரத்தம் வழிந்தது. "கண்ணைத் திறக்கேலாமல் கிடக்கு," என்றார், மிக அடங்கிய குரலில், எதையோ கைதவறி உடைத்துவிட்டவர்போல.

கண்ணில் கண்ணாடி புகுந்தால் அழுத்தக் கூடாது, எடுக்க முயலக் கூடாது என்று படித்திருந்தேன். ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணின் மேல் கவிழ்த்து, தொடாதபடி ஒட்டினேன். காருக்குக் கொண்டுபோகலாம் என்று எழுப்பியபோது வெளியிலிருந்து ஃபிஜிக்காரரின் கத்தல். எங்கள் கார்ப் பாதையில் மின்கம்பி அறுந்து, ஈரத்தில் நெளிந்து கிடந்தது. நில், நில், என்று அவர் வேலிக்கு அப்பாலிருந்து இரு கைகளையும் உயர்த்திக் காட்டினார். பின்வேலியின் பலகைகளைக் கழற்றி, அவர் முற்றம் வழியாகக் கொண்டுபோனோம். தெருவை மரங்கள் மறித்திருந்ததால் ஆம்புலன்ஸ் மூலையிலேயே நின்றது. அதுவரை அண்ணி நடந்தே வந்தார். வழியெல்லாம் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார்.

"மாமிக்கு ஒண்டுமில்லைத்தானே?"

மருத்துவமனையில் தாதி விபரம் கேட்டார். அண்ணிக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. கண்ணாடிக்கு அருகே ஏன் இருந்தார், உள்ளே போக முடியவில்லையா என்று அந்தப் பெண் இயல்பாகத்தான் கேட்டார். நான் அந்தக் கேள்வியை அண்ணியிடம் கேட்கவே இல்லை. "உள்ளே வர நேரம் போதவில்லை" என்று நானே ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அது படிவத்தில் ஏறியது.

தாதி போனபின், கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"எனக்கு நேரம் இருந்தது, மச்சாள்."

"தெரியும், அண்ணி."

"பரவாயில்லை. நீர் சொன்னதுதான் நல்லது. மாமியைப் பற்றி வேறை மாதிரி நினைச்சுப்போடுவினம்."

இரண்டு சத்திரசிகிச்சைகள் நடந்தன. கண்ணை எடுக்க வேண்டி வரவில்லை. ஆனால் அதற்கு இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டுமே தெரியும். அண்ணி அப்போது கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். ஓட்டும் பரீட்சை முடிந்ததும் சிறுவர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர இருந்தார். ஒற்றைக் கண்ணுக்கு மூளை பழகப் பல மாதங்கள் ஆகும், அதன்பின் பார்க்கலாம் என்றார் மருத்துவர். கோப்பையில் தேநீர் ஊற்றும்போது அண்ணியின் கை ஒரு விரற்கடை தள்ளிப் போவதை அண்ணா பார்த்துக்கொண்டிருப்பான். பார்த்துவிட்டு எழுந்து வெளியே போவான். மந்திரிப் பகிடிகள் எல்லாம் நின்றுவிட்டன.

வீட்டின் வாசலில் நகரசபையினர் உள்ளே நுழையத் தடை என்று சிவப்புத் தாள் ஒட்டினார்கள். பொருட்களை எடுக்க அனுமதி கிடைத்த நாளில் சாமி அறையைத் திறந்தோம். படங்கள் ஒன்றும் விழவில்லை. விளக்கு மட்டும் சரிந்து கிடந்தது. இந்தச் செய்தி எங்களுக்கு முன்பே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில் வேறொரு வாடகை வீட்டுக்கு மாறிய முதல் வாரத்தில், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையே கதைத்தார்கள்.

"கூரையே போச்சுதாம், சாமி அறைக்கு ஒரு கீறல் இல்லையாம்!"

"அவன் இருக்கிற இடத்தை அவன் பாப்பான்தானே."

கறுப்புக் கண்ணாடி போட்ட அண்ணி அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். அந்த அறை நின்றதற்குக் காரணம் அதன் நான்கு சுவர்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்ததும், அதில் ஜன்னல் இல்லாததுமே. அதற்காகத்தான் அதை நான் தேர்ந்தேன். இதைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு ஏன் இந்தப் பிள்ளை வெளியிலை, என்பதாக இருக்கும். நான் பிஸ்கட் தட்டை நீட்டினேன்.

வந்தவர்கள் போனபின் அம்மா சமையலறையில் விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணி படுத்திருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"அம்மா, அண்டைக்கு ஒத்திகை செய்த வெள்ளிக்கிழமை எனக்கு விலக்கு. நான் உள்ளுக்குத்தான் இருந்தனான். அண்டைக்கு மட்டுமில்லை, கனகாலமாய்."

விளக்கைத் தேய்ப்பது நிற்கவில்லை.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"ஒரு வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு தாய்க்குத் தெரியாமல் இருக்குமோ, பிள்ளை? கேட்டால் நீ பொய் சொல்லுவாய். என்னத்துக்கு உன்னைப் பொய் சொல்ல வைக்கவேணும் எண்டு விட்டுட்டன்."

எனக்குக் கோபம் வந்தது. அது யார் மேல் என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. "அப்ப அண்ணியையும் அப்பிடி விட்டிருக்கலாமே, அம்மா!"

அம்மா விளக்கைக் குழாயடியில் பிடித்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அவள் கேட்டவள்," என்றார். "வந்த புதுசிலை வந்து நிண்டு, மாமி, இஞ்சை என்ன மாதிரி, அந்த நாளிலை நான் எங்கை எங்கை போகக் கூடாது எண்டு கேட்டவள். மரியாதையாய்க் கேட்டவள். கேட்டதுக்கு என்ரை அம்மா சொன்னதை நான் சொன்னன்." சற்று நின்று, "நீ அவளிட்டை உன்ரை கதையைச் சொல்லியிருந்தால், அவள் என்னட்டைக் கேட்டிருக்க மாட்டாள்," என்றார்.

அது குற்றச்சாட்டாக வரவில்லை. ஒரு கணக்கின் விடையை வாசிப்பதுபோல் வந்தது. எனக்குள் ஒரு சுதந்திரத்தை வைத்திருந்தேன்; அதை ஒளித்து வைத்ததால் அதே வீட்டில் இருந்த இன்னொரு பெண்ணுக்கு அது எட்டவில்லை. அம்மா எனக்காகக் கண்ணை மூடிக்கொண்டார். ஒளிக்கத் தெரியாமல் நேரே வந்து கேட்ட அண்ணிக்காக அப்படி மூட அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அன்று வாசலில் அவர் அண்ணியைக் கூப்பிட்டாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கூப்பிட்டேன் என்று சொன்னாலும், இல்லை என்று சொன்னாலும், அதன்பின் அந்த வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

புதிய வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அலுமாரி அறை இருந்தது. ஜன்னல் இல்லை. சாமான்களை அடுக்கும்போது அம்மா அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படங்களை முன்னறையில், தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலின் அருகே, புத்தகத் தட்டின் மேல் வைத்தார். படிக்குக் கீழுள்ள அறையில் நான் தண்ணீரும் டார்ச்சும் வைத்தேன், கண்ணுக்கு வைக்கும் காப்பு மூடி இரண்டும் வைத்தேன். தாள் எதுவும் எழுதி ஒட்டவில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய், எந்த நாளில், எந்த நிலையில், எது உங்களை உள்ளே வர விடாது என்று கேட்டேன். இப்போது மண்டபங்களில் தமிழ்க் குடும்பங்களிடம் பேசப் போனாலும் இதையே முதலில் கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஜன்னலில்லாத இடம் எது என்றால் சாமி அறை என்கிறார்கள். அங்கே எல்லோரும் எந்த நாளும் போகலாமா என்று கேட்கிறேன். எங்கள் வீட்டிலும் போக முடியாத நாட்கள் இருந்தன என்று சொல்லி, நடந்ததைச் சொல்கிறேன். அண்ணி சொல்லலாம் என்று அனுமதித்திருக்கிறார். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள்.

சென்ற மாதம் மீண்டும் இடிமழை அறிவிப்பு வந்தது. காற்று ஒன்றும் வரவில்லை. ஆனாலும் ஒருமுறை ஒத்திகை பார்ப்போம் என்றேன். யாரும் பகிடி பண்ணவில்லை. அண்ணா அம்மாவைப் பிடித்துக்கொண்டு முதலில் போனான். அண்ணி இடது கையால் சுவரைத் தடவியபடி வந்தார். அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாது. அலுமாரி அறைக்குள் தண்ணீர்ப் போத்தல்களையும் இரண்டு தலையணைகளையும் தவிர ஒன்றுமில்லை. படமோ விளக்கோ அங்கே இல்லை. அன்று அவருக்கு விலக்கும் இல்லை. இப்போதெல்லாம் அந்த நாட்களை என்னிடம் சொல்கிறார்.

இருந்தும் வாசலுக்கு வந்ததும் அவர் கால்கள் நின்றன. ஒரு கை நிலையைப் பிடித்தது. முகத்தை நன்றாகத் திருப்பி, வலது கண்ணால் உள்ளே அம்மாவைப் பார்த்தார்.

"வா, பிள்ளை," என்றார் அம்மா.

அதன்பிறகுதான் அண்ணி காலை எடுத்து உள்ளே வைத்தார்.